முதலில் கப்பல், பிறகு சாலை: வட ஐரோப்பாவை காரில் சுற்ற ஒரு திட்டம்

ஹாம்பர்க்கில் காரைக் கிளப்பி, மொபைலில் கோபன்ஹேகன் என்று போட்டால், வழிகாட்டும் கோடு வடக்கு நோக்கி ஓடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவு வந்துவிடும். அந்தத் தீவின் நுனியில், புட்கார்டன் என்ற சின்ன ஊரில், தரை முடிந்துவிடும். ஆனால் மொபைலில் கோடு முடியாது. கடல் மேலேயே போய், எதிர்க்கரையில் டென்மார்க்கின் ரோட்பி துறைமுகத்தில் ஏறி, மறுபடியும் சாலையாகிவிடும். நடுவில் இருக்கும் 18 கிலோமீட்டர் கடலைக் காரோடு கப்பலில் ஏறித்தான் தாண்ட வேண்டும். 45 நிமிடப் பயணம்.

வட ஐரோப்பாவில் கார் பயணம் என்றாலே இப்படித்தான். டென்மார்க் பாதி தீவுக்கூட்டம். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே பால்டிக் கடல். நார்வேயின் மேற்குக் கரையிலோ, மலைகளுக்கு இடையே கடல் நீளநீளமாக நாட்டுக்குள் நுழைந்து கிடக்கிறது. ஃபியோர்டு என்று அதைச் சொல்கிறார்கள். அவற்றில் பெரியதான சோக்னே ஃபியோர்டு 205 கிலோமீட்டர் நீளம், 1,300 மீட்டருக்கு மேல் ஆழம். சுற்றிக்கொண்டு போனால் ஒரு நாள் போய்விடும். குறுக்கே ஃபெர்ரியில் போனால் 20 நிமிடம்.

அதனால் அங்குள்ள மக்கள் ஃபெர்ரியைச் சாலையின் ஒரு துண்டாகவே பார்க்கிறார்கள். ஸ்வீடனில் தீவுகளை இணைக்கும் மஞ்சள் நிற அரசு ஃபெர்ரிகளுக்குக் கட்டணமே கிடையாது. சாலையில் போகக் காசு கேட்பதில்லை, இதற்கு மட்டும் ஏன் என்பது கணக்கு. நார்வேயில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கார் ஃபெர்ரி வழித்தடங்கள் ஓடுகின்றன.

வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். ஊர்களைக் குறித்துக்கொண்டு, ஹோட்டல்களைப் பிடித்துவிட்டு, கடைசியில் ஃபெர்ரி டிக்கெட் பார்க்கிறார்கள். ஜூலை மாதத்தில் அந்த ராத்திரிக் கப்பலில் காருக்கு இடம் இருக்காது. ஒரு கப்பல் தவறினால் அடுத்த நாள் ஹோட்டல், அதற்கடுத்த நாள் கப்பல் என்று வரிசையாக எல்லாம் சரியும். மூன்று வாரச் சுற்றுலாவுக்காக ஒரு குடும்பம் மூன்று வருடம் சேர்த்த பணம் அதில் போகும்.

இரண்டு வகைக் கப்பல்கள்

திட்டம் போட உட்காரும்போது முதல் வேலை, வழியில் வரும் கடல் கடப்புகளை இரண்டாகப் பிரிப்பது.

முதல் வகை, முன்பதிவு செய்தே ஆக வேண்டியவை. ஸ்டாக்ஹோமிலிருந்து பின்லாந்தின் துர்க்குவுக்குப் போகும் ராத்திரிக் கப்பல் ஒரு உதாரணம். சுமார் 11 மணி நேரம். கேபினில் தூங்கி எழுந்தால் அடுத்த நாடு. நார்வேயின் கிறிஸ்டியான்சாண்டிலிருந்து டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸுக்கு மூன்றேகால் மணி நேரத்தில் போகும் கப்பலும் இந்த வகைதான். கோடையில் இவற்றுக்குச் சில மாதங்களுக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது வகை, வரிசையில் நின்று ஏறுபவை. நார்வேயின் உள்ளூர் ஃபெர்ரிகள் பெரும்பாலும் இப்படித்தான். துறையில் கோடு போட்ட வரிசையில் காரை நிறுத்த வேண்டும், கப்பல் வந்ததும் ஊழியர் கைகாட்டுவார், ஏற வேண்டும். பல இடங்களில் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும், பில் பிறகு வரும். டென்மார்க்கின் ஹெல்சிங்கோருக்கும் ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க்குக்கும் இடையே 4 கிலோமீட்டர் கடலை 20 நிமிடத்தில் கடக்கும் ஃபெர்ரி நாள் முழுக்க அடிக்கடி ஓடுகிறது. ஒன்று போனால் அடுத்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடக்கும் கோட்டை அந்த ஹெல்சிங்கோர் கரையில்தான் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வகையை காலண்டரில் சிவப்பு மையில் எழுத வேண்டும். சாலை, ஹோட்டல், ஊர் எல்லாம் அந்தச் சிவப்புத் தேதிகளுக்கு நடுவில்தான் பொருந்த வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போது காரின் நீளமும் உயரமும் கேட்பார்கள். மேலே லக்கேஜ் பெட்டி மாட்டியிருந்தால், சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தால், அதையும் சேர்த்து அளந்து சொல்ல வேண்டும். கப்பலில் தாழ்வான தளம், உயரமான தளம் என்று தனித்தனியாக உண்டு. தவறான அளவு கொடுத்தால் துறைமுகத்தில் கூடுதல் கட்டணம் கேட்கலாம், இடமே இல்லை என்றும் சொல்லலாம்.

அழகான அட்டவணையில் ஒரு ஓட்டை

ஹாம்பர்க்கில் கார் எடுக்கும் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன், அறுபத்தைந்து வயதுப் பாட்டி. கையில் 21 நாள். காகிதத்தில் அவர்கள் போடும் திட்டம் இப்படி இருக்கும்.

முதல் வாரம்: ஹாம்பர்க், ஃபெர்ரியில் டென்மார்க், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ராத்திரிக் கப்பலில் துர்க்கு, அங்கிருந்து வடக்கே ரோவனியெமி.

இரண்டாவது வாரம்: ரோவனியெமியிலிருந்து நார்வேயின் வடகோடியில் உள்ள நோர்ட்காப், பிறகு இறங்கி லோஃபோடென் தீவுகள்.

மூன்றாவது வாரம்: லோஃபோடெனிலிருந்து ஃபெர்ரியில் பூடோ, ட்ரான்ட்ஹைம், பெர்கன், கிறிஸ்டியான்சாண்ட், கப்பலில் ஹிர்ட்ஷால்ஸ், மறுபடி ஹாம்பர்க்.

மொத்தம் சுமார் 6,000 கிலோமீட்டர். 21 நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு 285 கிலோமீட்டர். இது ஒன்றும் அதிகமில்லையே என்று தோன்றும்.

நார்வேயில் அது அதிகம்தான். அங்கே ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர், ஊருக்குள் 50. மேற்குக் கரையில் வளைவு, சுரங்கம், ஃபெர்ரி வரிசை எல்லாம் சேர்த்தால் சராசரி 60-ஐத் தொடுவதே கஷ்டம். 300 கிலோமீட்டர் என்பது அங்கே ஒரு முழு நாள். அதற்குமேல் ஓட்டினால் காலையில் கிளம்பி சாயங்காலம் இறங்குவது மட்டும்தான் சுற்றுலா. பையன் பின் சீட்டில் மொபைல் பார்ப்பான், பாட்டிக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்த அட்டவணையில் ஒரு காலி நாள்கூட இல்லை. லோஃபோடெனின் மோஸ்கெனெஸிலிருந்து பூடோவுக்கு வரும் ஃபெர்ரி மூன்று முதல் நான்கு மணி நேரம் திறந்த கடலில் ஓடுவது. காற்று பலமாக அடித்தால் தாமதமாகும், ரத்தும் ஆகும். கோடையில் வரிசை நீளும். அன்று ஒரு நாள் போனால், கடைசியில் ஹிர்ட்ஷால்ஸ் கப்பலும் போய்விடும்.

எதை விடுவது?

இந்த இடத்தில்தான் வீட்டில் வாக்குவாதம் வரும். "அவ்வளவு தூரம் போயிட்டு நோர்ட்காப் பார்க்காம வர்றதா?" என்பார் அப்பா. "இத்தனை நாள் காருக்குள்ளயே உட்கார்ந்துட்டு வர்றதுக்கு எதுக்குப்பா போகணும்?" என்பார் பாட்டி.

நோர்ட்காப்புக்கு ஒரு கவர்ச்சி உண்டு. 71 டிகிரி வடக்கு. மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. முன்பு அந்தத் தீவுக்கும் ஃபெர்ரிதான். 1999-இல் கடலுக்கு அடியில் கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் சுரங்கம் வந்த பிறகு காரிலேயே போய்விடலாம். ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் அந்த முனையில் நின்று பத்தடி தூரம்கூடத் தெரியாது.

நோர்ட்காப்பை விட்டுவிட்டால் ரோவனியெமியிலிருந்து மேற்கே திரும்பி, ஸ்வீடனின் கிருனா வழியாக நார்வேயின் நார்விக்குக்கு இறங்கலாம். 800 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். அதாவது மூன்று நாள். வழியில் வரும் கிருனாவும் சாதாரண ஊரில்லை. அடியில் இரும்புச் சுரங்கம் தோண்டத் தோண்டத் தரை அசைவதால், ஊரின் ஒரு பெரிய பகுதியையே இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அங்கிருந்த பழைய மரத் தேவாலயத்தை அப்படியே தூக்கி, சக்கரங்களில் வைத்து, இரண்டு நாளில் 5 கிலோமீட்டர் நகர்த்தினார்கள்.

மிச்சமான மூன்று நாளில் ஒன்றை லோஃபோடென் ஃபெர்ரிக்கு முன் வைக்கலாம். இன்னொன்றைக் கிறிஸ்டியான்சாண்ட் கப்பலுக்கு முன் வைக்கலாம். மூன்றாவது நாள் யாருக்குக் காய்ச்சல் வருகிறதோ அவருக்கு. எல்லாம் சரியாக நடந்தால், அந்த நாளில் ஏதோ ஒரு ஃபியோர்டு கரையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஊர் திரும்பிய பிறகு குடும்பம் அதிகம் பேசுவது அந்த நாளைப் பற்றியாகவும் இருக்கலாம்.

கடல் கொந்தளித்து மோஸ்கெனெஸ் ஃபெர்ரி ஓடாவிட்டால் மாற்று வழியும் உண்டு. 2007-இல் திறந்த சாலையால் லோஃபோடென் தீவுகளிலிருந்து ஃபெர்ரியே இல்லாமல் தரை வழியாக வெளியே வரலாம். தெற்கே போகும் ஈ-6 நெடுஞ்சாலையில் ஒரு சின்ன ஃபெர்ரி மட்டும் வரும், அரை மணி நேரம்கூட ஆகாது. தூரம் அதிகம், ஆனால் வழி அடைபடாது. ஒவ்வொரு பெரிய கடப்புக்கும் இப்படி ஒரு இரண்டாவது வழியை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது, புயல் நாளில் துறைமுகத்தில் நின்று மொபைலில் தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

கடிகாரம் செய்யும் குறும்பு

ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஜெர்மனி நான்குக்கும் ஒரே நேரம். பின்லாந்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னால். கப்பல் அட்டவணையில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ராத்திரிக் கப்பலில் அலாரம் வைத்துத் தூங்குபவர்கள் இதை மறந்தால், அவர்கள் பல் தேய்க்கும்போது கீழே மற்ற கார்கள் இறங்கிக்கொண்டிருக்கும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் கப்பல் கிளம்பும் நேரம்தான். கார் வரிசையை அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். பெரிய கப்பல்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போய்விடுவது பாதுகாப்பு.

கார் தளத்தில் நடந்துகொள்ளும் விதம்

1994 செப்டம்பர் 28 அதிகாலை, தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போய்க்கொண்டிருந்த 'எஸ்டோனியா' என்ற கார் ஃபெர்ரி பால்டிக் கடலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 989 பேரில் 852 பேர் இறந்துபோனார்கள். புயலில் முன்பக்கக் கதவு பிய்ந்து, கார் தளத்துக்குள் கடல்நீர் புகுந்ததாக அதிகாரபூர்வ விசாரணை சொன்னது. தடுப்புச் சுவர் இல்லாத அகலமான தளத்தில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கப்பலே சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு 1996-இல் வட ஐரோப்பிய நாடுகள் கூடி, தளத்தில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று கடுமையான விதிகளைக் கொண்டுவந்தன. இன்று அந்தக் கடலில் ஓடும் கப்பல்கள் அந்தப் பாடத்தைச் சுமந்துதான் ஓடுகின்றன.

கடலில் இருக்கும்போது பெரிய கப்பல்களில் கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். நடுவில் போய் ஸ்வெட்டர் எடுத்து வருகிறேன் என்றால் நடக்காது. அதனால் மாத்திரை, குழந்தையின் உடை, சார்ஜர், பாஸ்போர்ட் எல்லாம் ஒரு சின்னப் பையில் முதலிலேயே கையில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, கார் அலாரத்தை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் ஆடும்போதெல்லாம் அது அலறும். எந்தத் தளம், எந்தப் படிக்கட்டு என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், காலையில் ஆயிரம் பேருக்கு நடுவே காரைத் தேடி அலைய வேண்டாம். மேலே போனதும் லைஃப் ஜாக்கெட் எங்கே, கூடும் இடம் எங்கே என்று ஒரு முறை பார்த்துவிடுவது ஐந்து நிமிட வேலை.

வெளிச்சம் ஏமாற்றும்

வடக்கே கோடையில் இரவே வராது. கேட்க இன்பமாக இருக்கும் இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. இருட்டாவதால்தான் உடம்புக்குத் தூக்கம் நினைவுக்கு வரும். வெளிச்சம் இருந்துகொண்டே இருந்தால் இன்னும் நூறு கிலோமீட்டர் போகலாம் என்று மனம் சொல்லும். கண் மட்டும் தன் நேரத்துக்குச் சொக்கும். ஐரோப்பிய லாரி ஓட்டுநர்களுக்குச் சட்டமே இருக்கிறது: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. குடும்பக் கார் ஓட்டுபவருக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் அதைக் கடன் வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் மூஸ் என்ற ராட்சத மான் சாலையைக் கடக்கும். நெட்டைக் கால்கள் என்பதால், கார் மோதினால் அதன் உடம்பு நேராக முன் கண்ணாடியில் வந்து விழும். வட கோடியிலோ ரெயின்டீர் கூட்டங்கள் நடுச்சாலையில் நிதானமாக நிற்கும். ஹாரன் அடித்து விரட்டுவதைவிட, வண்டியை மெதுவாக்கிக் காத்திருப்பதே வழி. மோதிவிட்டால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த நாடுகளில் எல்லாம் வலதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். இடதுபக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு ஆறுதல் செய்தி: ஸ்வீடனும் ஒரு காலத்தில் இடதுபக்கம்தான் ஓட்டியது. 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு நாடே ஒரே நேரத்தில் வலதுபக்கம் மாறியது. நார்டிக் நாடுகளில் பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குத் தனி சீட் வேண்டும். நார்வேயிலும் ஸ்வீடனிலும் ரத்தத்தில் மது அளவுக்கான வரம்பு மிகக் குறைவு. கப்பல் பாரில் ராத்திரி குடித்துவிட்டு, காலையில் காரை இறக்குபவர்கள் துறைமுக வாசலிலேயே போலீஸிடம் மாட்டிக்கொள்வதுண்டு.

காகிதமும் காசும்

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இந்த ஐந்து நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிக்கொள்ள வேண்டும். அது ஒரு வருடம் செல்லும். வாடகைக் காரை எல்லை தாண்டி எடுத்துப்போகவும் ஃபெர்ரியில் ஏற்றவும் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது முக்கியம்.

டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றின் பணத்துக்கும் தமிழில் குரோனா என்றே சொல்லிவிடுகிறோம். மூன்றும் வேறு வேறு, மதிப்பும் வேறு. கார்டு எங்கும் செல்லும் என்பதால் நோட்டு மாற்றி அலைய வேண்டியதில்லை. செலவைக் குறைக்க நல்ல வழி, கேம்ப்பிங் இடங்களில் சமையல் மேடையோடு வாடகைக்குக் கிடைக்கும் சின்ன மர வீடுகள். நார்வேயில் அதை ஹிட்டே என்கிறார்கள். ஒரு சின்ன ரைஸ் குக்கர் டிக்கியில் இருந்தால், பாட்டியின் ரசம் சாதத்துக்கு ஃபியோர்டு கரையிலும் குறை வராது. ஆனால் நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான பெரிய மளிகைக் கடைகள் மூடிவிடும். சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். லாப்லாந்தில் ஜூலை என்றால் கொசு. கொசு விரட்டும் க்ரீமும் பட்டியலில் இருக்கட்டும்.

குறையும் கப்பல்கள்

இந்த ஃபெர்ரிகள் எப்போதும் இப்படியே இருக்கப்போவதில்லை. 2015-இல் உலகின் முதல் பேட்டரி கார் ஃபெர்ரியான 'ஆம்பியர்' நார்வேயின் சோக்னே ஃபியோர்டில் ஓடத் தொடங்கியது. புகை இல்லை, சத்தம் இல்லை. கரையில் நிற்கும் சில நிமிடங்களில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் ஃபெர்ரி நவீனமாகிறது. இன்னொரு பக்கம் அதன் இடத்தைச் சுரங்கங்கள் பிடிக்கின்றன. ஸ்டாவாங்கருக்கு வடக்கே, கடலுக்கு அடியில் 390 மீட்டர் ஆழம் வரை போகும் சுமார் 27 கிலோமீட்டர் சாலைச் சுரங்கத்தை நார்வே தோண்டிக்கொண்டிருக்கிறது. புட்கார்டனுக்கும் ரோட்பிக்கும் இடையேயும் 18 கிலோமீட்டர் சுரங்கம் கட்டும் வேலை நடக்கிறது. அது முடிந்தால் 45 நிமிடக் கடல் பயணம் காரில் 10 நிமிடமாகிவிடும்.

ஆம்புலன்ஸுக்கும், தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கும், புயல் நாளில் கரையில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் அது பெரிய வரம். அதில் சந்தேகமில்லை. சுற்றுலா போகிற குடும்பத்தின் கணக்கு மட்டும் கொஞ்சம் வேறு. அப்பா ஸ்டியரிங்கை விட்டு, அம்மா மேப்பை மடித்து, பாட்டி காலை நீட்டி, பையன் கடல் காக்கைகளை எண்ணி, நாலு பேரும் ஒரே ஜன்னலில் வெளியே பார்க்கும் நேரம் அந்த 45 நிமிடம்தான். சுரங்கம் திறந்த பிறகு போகிறவர்கள், அந்த 45 நிமிடத்தைத் தாங்களாகவே அட்டவணையில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.